மரம் தின்னும் ஆழ்கடல் உயிரி: பள்ளிப்பட்டு வெள்ளத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மழைக்காலம் வந்தால் அடிக்கடி அடிபடும் செய்திதான். ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணை திறப்பு, கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம், பள்ளிப்பட்டு தரைப்பாலங்கள் மூழ்கின. வெள்ளத்தில் மரக்கட்டைகள் உருண்டு போகும் வீடியோ வாட்ஸ்அப்பில் ஒரு சுற்று வரும். அதோடு சரி.

இப்படி ஆற்றோடு போகும் கட்டை கடலில் சேர்ந்தால் என்ன ஆகும்? கொஞ்ச காலம் மிதக்கும். தண்ணீர் ஊறி கனமானதும் மூழ்கும். ஆழ்கடலில் அதைச் சாப்பிடவே ஒரு உயிரி இருக்கிறது. பெயர், முனிடாப்சிஸ் அந்தமானிக்கா.

யார் இது?

ஆங்கிலத்தில் 'ஸ்குவாட் லாப்ஸ்டர்' என்று சொல்லப்படும் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் சந்தையில் கிடைக்கும் சிங்கி இறால் இல்லை. சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுதான் இதற்கு நெருங்கிய சொந்தம். வாலை வயிற்றுக்குக் கீழே மடக்கி வைத்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்த மாதிரி இருக்கும். இந்தக் கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு.

எங்கே வாழ்கிறது?

'இன்வெஸ்டிகேட்டர்' என்ற இந்தியக் கடல் அளவைக் கப்பல் 1901 முதல் 1904 வரை சேகரித்தவற்றை வைத்து, 1905-ல் மெக்கில்கிறிஸ்ட் இந்த இனத்தை முதலில் விவரித்தார். அந்தமான் பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பிறகு பிலிப்பைன்ஸ், வனுவாட்டு என மேற்கு பசிபிக் வரை கிடைத்தது. ஆனால் வரைபடத்தில் உள்ள புள்ளிகள் எல்லாம் கப்பல்கள் வலை போட்ட இடங்கள். இடையில் காலியாகத் தெரிவதால் அங்கே அது இல்லை என்று அர்த்தமில்லை.

மரத்தையா தின்கிறது?

ஆமாம். 2009-ல் 'மரைன் பயாலஜி' ஆய்விதழில் வெளியான ஆய்வு இதன் வயிற்றைத் திறந்து பார்த்தது. மரத்துணுக்குகளும், மரத்தின் மேல் படரும் நுண்ணுயிர்ப் படலமும்தான் முக்கிய உணவு. குடலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியிருக்கின்றன. மரத்தைச் செரிக்க அவை உதவலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அதாவது, வெளிச்சமே எட்டாத ஆழத்தில் இருக்கும் இதன் சாப்பாடு கரையில் முளைத்தது.

கவனிக்க வேண்டியது இதைத்தான். ஆறு முகத்துவாரத்தோடு முடிவதில்லை. கொசஸ்தலையில் வரும் எல்லாக் கட்டையும் கடல் சேராது. வழியில் பூண்டி நீர்த்தேக்கம் இருக்கிறது. ஆனால் எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கட்டை மட்டுமா போகிறது? அனல் மின் நிலையச் சாம்பல், பிளாஸ்டிக், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு கலந்த எண்ணெய் எல்லாமே அதே வழிதான்.

'எண்ணூர் மீனவர் பிழைப்பே கேள்விக்குறி. இதில் ஆழ்கடல் உயிரிக்கு ஏன் கவலை?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டும் ஒரே பிரச்சினை. முகத்துவாரத்தைக் குப்பை வாசலாக நினைப்பதால் முதலில் அடிபடுவது மீனவர் வலை. அடிக்கடலுக்கு என்ன ஆனது என்று போய்ப் பார்க்கக்கூட ஆள் இல்லை.

2021 ஜூனில் மத்திய அமைச்சரவை 4,077 கோடி ரூபாயில் ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் 'மத்ஸ்யா 6000' வாகனத்தை சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்குகிறது. பேச்செல்லாம் கனிமத்தைச் சுற்றியே இருக்கிறது. உயிரின ஆய்வும் அந்தத் திட்டத்தில் ஒரு அங்கம்தான். அதைப் பெயருக்கு வைத்திருக்கக் கூடாது. கனிமத்தை அள்ளும் முன், மூழ்கிய கட்டைகளையும் அதில் வாழும் உயிர்களையும் கணக்கெடுக்க வேண்டும். அங்கே என்ன இருந்தது என்று தெரியாமல் தோண்டிவிட்டால், என்ன போனது என்பதும் தெரியாது.

அடுத்த மழைக்கு பள்ளிப்பட்டு தரைப்பாலம் மறுபடியும் மூழ்கலாம். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வியை எண்ணூரோடு நிறுத்திவிட வேண்டாம்.