பள்ளிக்குத் தலைமை வேண்டும், ‘பொறுப்பு’ போதாது

காலியாகக் கிடக்கும் தொடக்க, நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பணியிடங்களை நிரப்பாமல், இருக்கிற ஆசிரியர்களில் ஒருவரைப் ‘பொறுப்பு’ என்று உட்காரவைத்தே பள்ளியை ஓட்டிவிடலாம் என்ற முடிவைத் தமிழ்நாட்டுக் கல்வித் துறை இன்னும் எவ்வளவு காலம் பிடித்துக்கொண்டிருக்கப்போகிறது? பதவி உயர்வுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமா என்ற வழக்கு நடக்கிறது என்றார்கள். தீர்ப்பு வரட்டும் என்றார்கள். 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பும் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு சீராய்வு மனு என்றார்கள். இத்தனைக்கும் நடுவில், தலைமையாசிரியரே இல்லாத பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் மூன்றாம் வகுப்பைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

பொறுப்புத் தலைமையாசிரியரின் ஒரு நாளைப் பார்த்தால் இந்த முடிவின் கொடுமை விளங்கும். பெரும்பாலும் அது ஈராசிரியர் பள்ளி. காலை உணவு சரியாக வந்ததா என்று பார்க்க வேண்டும். எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் வருகைப் பதிவை ஏற்ற வேண்டும். நெட்வொர்க் கிடைக்காவிட்டால் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வர வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலகத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் ‘மிக அவசரம்’ என்று வரும் படிவத்தை மதியத்துக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். சத்துணவு, சீருடை, பாடநூல், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், கழிவறைக்குத் தண்ணீர் எல்லாம் அவர் தலையில்தான். இவ்வளவுக்கும் இடையே ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் பாடமும் நடத்தியாக வேண்டும். பக்கத்து வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை என்று உட்கார்ந்து பார்க்க அவருக்கு எப்போது நேரம்?

நேரத்தைக்கூட எப்படியோ தேடிக்கொள்ளலாம். அதிகாரத்துக்கு எங்கே போவார்? அந்தப் பதவிக்குரிய ஊதிய நிலை அவருக்கு இல்லை. ஏதாவது தவறினால் விளக்கம் கேட்டு வரும் மெமோ மட்டும் அவர் பெயருக்கே வருகிறது. ஏன் தாமதம் என்று சக ஆசிரியரைக் கேட்டால், “நீங்களும் என்னை மாதிரி இடைநிலை ஆசிரியர்தானே சார்” என்று பதில் வரும். சுற்றுச்சுவர் கேட்டு ஊராட்சித் தலைவரைப் பார்க்கப் போனால், “நிரந்தர எச்.எம். வரட்டும், பேசிக்கலாம்” என்று அனுப்பிவிடுவார்கள். பள்ளியில் எதையாவது மாற்ற வேண்டும் என்று அவருக்கு ஆசையே இருந்தாலும், அடுத்த கலந்தாய்வில் யாராவது வந்தால் நாற்காலியைக் கொடுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டியவர் எந்தத் துணிச்சலில் அதைத் தொடங்குவார்?

இந்த நிலையில்தான் கற்றல் சீர்திருத்தம் பற்றிப் பேசுகிறார்கள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அடிப்படை எண்ணம் நல்லது என்பதில் நமக்கு ஐயமில்லை. பிள்ளையை வகுப்பை வைத்து எடைபோடாமல், அரும்பு, மொட்டு, மலர் என்று அதன் கற்றல் நிலையை வைத்துப் பார்க்கச் சொன்ன திட்டம் அது. ஆனால் அரும்பில் இருக்கும் குழந்தை மொட்டுக்கு உண்மையிலேயே நகர்ந்ததா, பதிவேட்டில் மட்டும் நகர்ந்ததா என்பதைச் சென்னையிலிருந்து ஒரு செயலி கண்டுபிடித்துவிட முடியாது. வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனிக்கிற, பாடம் முடிந்ததும் ஆசிரியரோடு பேசுகிற ஒரு தலைமையாசிரியருக்குத்தான் அது தெரியும். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்று வைத்த 2025 இலக்கு கடந்து போய்விட்டது. அதைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டிய நாற்காலியை மட்டும் காலியாகவே வைத்திருந்தார்கள்.

சட்டச் சிக்கல் என்பது சாக்கு. பதவி உயர்வுக்கும் தகுதித் தேர்வு வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2023 ஜூனில். உச்ச நீதிமன்றமும் அதையேதான் சொன்னது. தேர்வில் தேறியவர்களுக்கும் பதவி உயர்வு தராதீர்கள் என்று இந்த இரண்டு தீர்ப்புகளும் சொல்லவில்லை. தேறியவர்கள் ஏன் போதுமான அளவில் இல்லை? ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதித் தேர்வு நடத்த வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் வழிகாட்டுதல். இங்கே 2013க்குப் பிறகு 2017இல்தான் நடந்தது, அடுத்து 2019, அதன் பிறகு 2022இல் தொடங்கிய தேர்வு 2023 வரை இழுத்தது. தேர்வையே நடத்தாமல் இருந்துவிட்டு, தேறவில்லை என்று முப்பதாண்டு பணிபுரிந்த ஆசிரியரைப் பார்த்துச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

மேலிருந்து இப்படி முடிவெடுப்பது கல்வித் துறையினருக்குப் புதிதுமல்ல. 2018இல் அரசாணை 101 போட்டு மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பதவியை எடுத்தார்கள். 2022இல் தொடக்கக் கல்விக்கென்று மாவட்டக் கல்வி அலுவலர்களை மறுபடி கொண்டுவந்தார்கள். 2019இல் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று பத்து வயதுப் பிள்ளைகளை மிரட்டினார்கள். 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். அதே 2019இல் அரசாணை 145 வழியாக, தன் பள்ளியையே கவனிக்க நேரமில்லாத உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிகளின் மேற்பார்வையையும் கொடுத்தார்கள். 2021இல் பள்ளிக் கல்வி இயக்குநர் பதவியே வேண்டாம், ஆணையர் போதும் என்றார்கள். இரண்டே ஆண்டில் இயக்குநர் திரும்ப வந்தார். ஆட்சி மாறியது. கோப்பு நகரும் விதம் மாறவில்லை. ஒவ்வொரு முறையும் மேலே நாற்காலிகளை இடம்மாற்றிப் போட்டவர்கள், கீழே ஒரு கிராமப் பள்ளியில் காலியாகக் கிடந்த நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. எந்த முடிவுக்கும் இவர்களில் ஒருவரிடமாவது விளக்கம் கேட்டு மெமோ போனதா? தேர்ச்சி விகிதம் குறைந்தால் மட்டும் தலைமையாசிரியரை முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு வரவழைத்து எல்லார் முன்பும் நிற்க வைக்கிறார்கள்.

பணிமூப்பு ஒன்றையே அளவுகோலாக வைத்து, ஓய்வுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது ஒருவரைத் தலைமையாசிரியராக்கும் பழைய முறையையும் நாம் ஆதரிக்கவில்லை. கற்பித்தலை அறிந்தவர், சக ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு போகத் தெரிந்தவர் அந்த இடத்துக்கு வர வேண்டும். எழுத்து வேலை அவரைவிட்டு விலக வேண்டும். பள்ளிக்குள் எடுக்க வேண்டிய முடிவை எடுக்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். அதற்கான வழியைச் சங்கங்களோடும் பெற்றோரோடும் பேசி வகுப்பது அரசின் வேலை. அதைத் தொடங்கும்வரை, இந்தக் கோப்பு எந்த மேசையில், யாருடைய கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்பதையாவது பெற்றோருக்கு வெளிப்படையாகச் சொல்லட்டும்.