உள்ளத்து நோயும் தாய்மொழிச் செவியும்

உடல்நோய்க்கு மருத்துவர் நாடி பார்ப்பார், குருதியைச் சோதிப்பார். நோயாளி வாய் திறவாவிடினும் நோய் ஓரளவு புலப்பட்டுவிடும். உள்ளத்து நோய்க்கோ நோயாளியின் சொல்லே நாடி. அச்சொல்லைக் கேட்கும் செவியே கருவி. ஆதலின், உளமருத்துவர் எத்தனை மொழி அறிந்தவர், எம்மக்களிடையே பழகியவர் என்னும் வினா, அவர் பெற்ற பட்டத்திற்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்கது என்று நாம் கருதுகின்றோம்.

நம் சேரன்மகாதேவி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். பீடி சுற்றும் பெண்ணொருத்தி, "ஒரே வெப்புராளமா வருது" என்பாள். அதனைக் கவலை என்று எழுதினாலும் குறைவு. அச்சம் என்று எழுதினாலும் குறைவு. அண்மையிலுள்ள பத்தமடையில் பாய் நெய்யும் இல்லத்து மூதாட்டியொருவர், "வசுவாசு வந்துட்டு" என்பார். உளூச் செய்த கைகளை மீண்டும் மீண்டும் கழுவித் தொழுகை நேரமே கடந்துபோகும் துன்பம் அது. சொல்லின் பொருளறியாத மருத்துவர் அதனைப் பக்தி மிகுதி என்று விட்டுவிடக்கூடும். ஊராரோ ஷைத்தானின் வேலை என்று சொல்லி அத்துடன் அமைந்துவிடக்கூடும். 10ஆம் நூற்றாண்டில் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர், உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் ஒருங்கே பேசும் தம் அரபு நூலில் இவ்வசுவாசுக்கெனத் தனி இடம் ஒதுக்கி ஆராய்ந்துள்ளார். மருந்தை நாடுவது ஈமானுக்குக் குறைவென எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ளல் நன்று.

தமிழகத்தில் இத்துறைக்கு வழிவகுத்தவர் டாக்டர் சாரதா மேனன். மலையாளக் குடும்பத்தில், 1923இல் மங்களூரில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, பெங்களூரில் உளமருத்துவம் பயின்றவர். ஒரு வாழ்விற்குள் மூன்று மாநிலங்களின் மக்களைக் கண்டவர் என்க. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை வகித்த அவர், 1984இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். மருந்து கொடுத்தனுப்புவதோடு கடமை முடிந்தது என அவர் கருதவில்லை. குடும்பத்தாரை அமர்த்தி நோயை விளக்குதல், நோயாளியை ஒரு தொழிலில் பழக்குதல் ஆகியவற்றையும் மருத்துவமாகவே கொண்டார். குடும்பத்தாரை அமர்த்தி விளக்க வேண்டுமாயின் அவர்தம் மொழி வேண்டுமன்றோ! 2021இல் அவர் மறைந்தார்.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். நம் சமுதாயம் மறக்கவொண்ணாத நாள் அது. தர்காவை நாடி வருவோரில் மலையாளம் பேசுவோர் உண்டு; தெலுங்கு, கன்னடம், உருது பேசுவோரும் உண்டு. அவர்களைத் தடுப்பது ஆகாத காரியம், அது முறையுமன்று. குஜராத்தின் மீரா தாத்தார் தர்காவில் துஆவும் மருந்தும் அருகருகே கிடைக்கச் செய்த முறையை ஏர்வாடியிலும் பின்பற்றியது அறிவுடைய செயல். ஆயினும் அங்கு அமரும் மருத்துவர் பன்மொழி அறியாராயின், மருந்து கைக்கு வரும். பேச்சு நெஞ்சிலேயே தங்கிவிடும்.

மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டால் போதாதா என்பர் சிலர். மாமியார் மொழிபெயர்க்க மருமகள் தன் துயரத்தைச் சொல்வாளா? கணவன் வளைகுடா நாட்டிலிருக்க, தனித்து வாழும் பெண்ணின் மனக்குறையை அண்டை வீட்டார் வாயிலாகக் கேட்பதா? நோயாளி சொன்ன சொல் மருத்துவரிடம் அமானிதம். அது மூன்றாம் காது அறியாதிருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் நோயாளிக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்தே ஒப்புதல் பெறவேண்டும் என்கிறது. 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். இதனை நம் முதியோர் பலர் அறியார்.

இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வெப்புராளம், கிறக்கம், வசுவாசு, முசீபத்து என மக்கள் துயரை உரைக்கும் சொற்களைப் பாபநாசம் முதல் ஆற்றங்கரை ஊர்கள்தோறும் சென்று திரட்டலாம். எவர், எந்நிலையில், எப்பொருளில் வழங்குகின்றனர் என்ற குறிப்புடன் அகராதியாக்கி அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கலாம். இரண்டாமாண்டு மாணவர்க்குக் களப்பணியாக இதனை அளிக்க ஒரு பருவம் போதும்.