குத்தம்பாக்கம் முனையம்: சரிவுப் பாதை மட்டும் போதுமா?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று மேற்கே சொந்தபந்தங்கள் உள்ள சென்னைக் குடும்பங்களுக்குக் குத்தம்பாக்கம் என்ற பெயர் இப்போது பரிச்சயம். கோயம்பேட்டின் நெரிசலைக் குறைக்க, திருமழிசையை அடுத்து, பெங்களூரு நெடுஞ்சாலையோரம் சுமார் 25 ஏக்கரில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கட்டியுள்ள பேருந்து முனையம் அங்கேதான் இருக்கிறது. இவ்வளவு தூரம் எப்படிப் போவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாம் கேட்பது வேறு. சக்கர நாற்காலியில் வரும் பெரியம்மாவையும் பார்வையற்ற கல்லூரி மாணவரையும் அங்கே எதிர்கொள்ளும் காவலாளிக்கும் நடத்துநருக்கும் யார், என்ன பயிற்சி கொடுக்கிறார்கள்?

சட்டத்தில் குறை அதிகமில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு அனுமதியே தரக்கூடாது என்கிறது 44ஆம் பிரிவு. அந்த விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருக்க முடியாது, கட்டாயமாக்குங்கள் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று சொல்லிவிட்டது. பயிற்சி பற்றிப் பேசும் 47ஆம் பிரிவில் நீதிபதி, காவல்துறை அதிகாரி, பொறியாளர் எல்லோரும் வருகிறார்கள். ஆனால் வாசலில் நிற்கும் காவலாளியின் பெயர் நேரடியாக இல்லை. பயணியோடு முதலில் பேசுபவர் அவர்தான்.

பல ஊர்களில் ஒப்பந்தக்காரர் மாறினால் ஆட்களும் மாறுகிறார்கள். அதனால் ஒருநாள் வகுப்பு பயன் தராது. புதிதாக வேலைக்குச் சேரும் அன்றே கைப்பேசியில் பார்க்கும்படியான இணையவழிப் பயிற்சிதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் இன்று அலுவலகங்களில் அப்படி நடப்பதன் லட்சணம் நமக்குத் தெரியும். அரை மணி நேர ஆங்கில வீடியோ, பத்துக் கேள்விகள், கடைசியில் ஒரு சான்றிதழ். வீடியோவை ஓடவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களும் உண்டு.

அவரவர் வேலைக்கு ஏற்பப் பாடம் பிரிய வேண்டும். சரிவுப் பாதையின் சாய்வு 12க்கு 1 என்ற அளவைத் தாண்டக்கூடாது என்பது பொறியாளருக்குத் தேவை. காவலாளிக்கு அந்தக் கணக்கு வேண்டாம். சரிவின் அடியில் பைக் நிறுத்த விடக்கூடாது என்று தெரிந்தால் போதும். தரையில் புடைப்போடு இருக்கும் மஞ்சள் ஓடுகள் அழகுக்கல்ல, பார்வையற்றவரின் வழிகாட்டி. அதன்மேல் குப்பைத் தொட்டியை வைக்கக்கூடாது என்பது துப்புரவுப் பணியாளருக்கான பாடம். 2024 ஆகஸ்டில் சென்னை மாநகரப் பேருந்துகளில் தாழ்தள வண்டிகள் மீண்டும் வந்தன. அவற்றின் சாய்தளத்தை விரிக்கத் தெரியாவிட்டாலோ நேரமாகிவிட்டது என்று தட்டிக்கழித்தாலோ அந்த வசதி இருந்தும் இல்லாததே. பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல், கேட்டுவிட்டுத் தன் தோளையோ முழங்கையையோ பிடித்துக்கொள்ளச் சொல்வது, கூட்டத்தில் மிரண்டு அலறும் ஆட்டிசம் குழந்தையின் தாயை அதட்டாமல் இருப்பது போன்றவற்றைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, நடித்துக் காட்டும் இரண்டு நிமிடக் காட்சியில் பார்ப்பது மனதில் நிற்கும். அந்தக் காட்சிகளில் மாற்றுத்திறனாளிகளே தோன்ற வேண்டும். பாடம் எழுதும் மேசையிலும் அவர்களுக்கு இடம் வேண்டும்.

இன்னொன்று, பயிற்சியே அணுக முடியாததாக இருந்துவிடக் கூடாது. பணியாளர்களிலும் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். வசன வரிகள், இந்தியச் சைகை மொழி, திரை வாசிப்பான் படிக்கக்கூடிய எழுத்து ஆகியவை அவசியம். 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கின் தீர்ப்பு இதைத் தொட்டது. அமில வீச்சில் கண்கள் சிதைந்தவர்களிடம் கண் சிமிட்டச் சொன்ன வங்கிச் சரிபார்ப்பு முறையை எதிர்த்த வழக்கு அது. இணைய அணுகலை வாழும் உரிமையின் பகுதியாக ஏற்ற நீதிமன்றம், அலுவலர்களின் இணையவழிப் பாடங்களில் மாற்றுத்திறன் பற்றிய பகுதியையும் சேர்க்கச் சொன்னது.

இது அரசுக்கு மட்டுமான பாடம் என்று நாம் ஒதுங்க முடியாது. சட்டத்தின் பார்வையில் அறக்கட்டளையும் சங்கமும்கூட நிறுவனமே. ஜமாஅத்துகள் நடத்தும் பள்ளிகளும் மருத்துவமனைகளும், நம்மவர்களின் தோல் தொழிற்கூடங்களும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிடக் கடமைப்பட்டவை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் அதற்கென ஒரு தொடர்பு அலுவலரும் இருக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு. நிர்வாகக் குழுக் கூட்டங்களில் இந்தக் கொள்கை எங்கே இருக்கிறது என்று உறுப்பினர்கள் கேட்கலாம். குத்தம்பாக்கத்தில் சாய்தளம் மறிக்கப்பட்டிருந்தாலோ உதவி மறுக்கப்பட்டாலோ, தேதியையும் பேருந்து எண்ணையும் குறித்துக்கொண்டு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள்.