நுழைவு கடினமானால் தரவு காக்கப்படுமா?

தரவுத்தளத்துள் நுழைவதை எளிதாக்கினால் பாதுகாப்புக் குறையும் என்னும் வாதம் ஆய்வுத்துறைகளில் வேதவாக்காக நிலவுகிறது. அது தவறு.

அட்டப்பாடி இருளர் பேச்சையும் இடுக்கி மலைகளின் முதுவர் பேச்சையும் மூணாற்றுத் தோட்டத் தொழிலாளர் தமிழையும் ஆராய்பவரின் தரவுத்தளத்தில் சொற்களோடு பேசியவரின் பெயரும் ஊரும் சேர்கின்றன. அதனைக் கட்டளைவரியில் வினவும் மாணவர் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லைத் தட்டச்சிட நேர்கிறது. சலித்தவர் அதனைக் கட்டளையிலேயே, பின்னர் நிரலிலேயே எழுதிவிடுகிறார். அந்த நிரலைச் சக மாணவருக்கு அனுப்பும் நாளில் கடவுச்சொல்லும் உடன் செல்கிறது. கசிவுக்குக் காரணம் மாணவரின் சோம்பல் அன்று. அவரை அங்கே தள்ளிய விதியே.

மாற்று வழி புதிதன்று. போஸ்ட்கிரெஸ்ஸில் பயனரின் முகப்பு அடைவில் பிஜிபாஸ் கோப்பு வைத்து, வழங்கி, போர்ட், தரவுத்தளம், பயனர், கடவுச்சொல் என ஐந்தையும் ஒரே வரியில் எழுதினால் போதும். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் அக்கோப்பின் அனுமதி 0600 ஆக இல்லாது பிறருக்குத் திறந்திருந்தால், பிஎஸ்க்யூஎல் அதனைப் புறக்கணித்துவிடும். எளிமையே இங்குக் காவலையும் கட்டாயமாக்குகிறது. மைஎஸ்க்யூஎல் 5.6 முதல் இதற்கெனத் தனிக் கருவியே தருகிறது. ஆயினும் அது செய்வது உருமறைப்பே, உறுதியான பூட்டு அன்று.

கோப்பில் கடவுச்சொல் இருப்பது ஆபத்தன்றோ என்பர். பலர் ஒரே கணக்கில் நுழையும் கணினியில் ஆபத்தே. ஆகவே துறைகள் முதலில் ஆளுக்கொரு கணக்கு வழங்கட்டும். அடுத்து இக்கோப்பை அமைக்கக் கற்பிக்கட்டும். நம்பிப் பேசிய மலைமக்களுக்கு ஆய்வுலகம் பட்ட கடன் அது.