இரசிகனா, பக்தனா?

எதிர்பார்ப்பது குற்றமன்று. பொங்கலைவிடப் பொங்கலுக்கு முந்திய இரவு இனிமையானது என்பதை, வீட்டைவிட்டு வெகுதூரம் வந்து படிக்கும் நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? ஆனால் எதிர்பார்ப்பு எந்த இடத்தில் பக்தியாகிறது, பக்தி எந்த இடத்தில் வெறியாகிறது என்று எல்லை காணத் தவறினால் ஏமாறுபவர் நாமே.

நம் விடுதி அறைகளில் இன்று சினிமாவுக்குச் சமமாகப் பேசப்படுவது வீடியோ கேம். அதிலும் ரோல்-பிளேயிங் கேம் என்றால் பேச்சு நள்ளிரவைத் தாண்டும். அதற்குக் காரணம் உண்டு. இவ்வகை ஆட்டத்தில் நாம் வெறும் பார்வையாளர் அல்லர். ஒரு பாத்திரத்தை ஏற்கிறோம். அதன் பேச்சையும் நட்பையும் பகையையும் நாமே தேர்ந்தெடுக்கிறோம். ஐம்பது மணி, நூறு மணி என்று அந்த உலகில் வாழ்கிறோம். அப்படி வாழ்ந்த உலகுக்கு அடுத்த பாகம் வருகிறது என்றால் நெஞ்சு துள்ளுவது இயல்பே.

‘தி விட்சர் 4’ என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். போலந்து நாட்டின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனத்தார் 2024 டிசம்பரில் அதன் டிரைலரை வெளியிட்டனர். 2026 முடிவதற்குள் ஆட்டம் வெளிவராது என்று 2025 மார்ச்சில் நிறுவனமே கூறிவிட்டது. ஆயினும் டிரைலர் வந்த உடனே இரண்டு கட்சிகள் பிறந்துவிட்டன. இதற்கு இணையான ஆட்டம் இனிப் பிறக்காது என்பது ஒரு கட்சி. சிரி என்னும் பெண் கதாநாயகி ஆகிவிட்டாள், எல்லாம் கெட்டது என்பது மற்றொரு கட்சி. 2025 ஜூனில் பிளேஸ்டேஷன் 5 கருவியில் ஓடிய ஒரு காட்சியைக் காட்டினார்கள். அது தொழில்நுட்பத்தைக் காட்டும் மாதிரியே, ஆட்டத்தின் பகுதியன்று என்று அவர்களே விளக்கினார்கள். அந்த விளக்கத்தைக் காதில் வாங்கியவர் எத்தனை பேர்?

அறிவியல் படிப்பவர் நம்மில் பலர். கருவியில் அளவு எடுப்பதற்கு முன்பே விடையை நோட்டில் எழுதி வைப்பவனை ஆய்வுக்கூடத்தில் என்ன சொல்வோம்? அந்த விடை பிடித்த விடையா, பிடிக்காத விடையா என்று பார்ப்போமா? இரு கட்சியாரும் அளக்காமல் எழுதியவர்களே.

நிற்க. இதே நிறுவனத்தின் பழைய கதை ஒன்று உண்டு. அதை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

2015 மே மாதம் வந்த ‘தி விட்சர் 3’ உலகப் புகழ் பெற்றது. அந்தப் புகழின் நிழலில் வளர்ந்தது ‘சைபர்பங்க் 2077’. 2012இலேயே அறிவிக்கப்பட்ட ஆட்டம் அது. 2019 ஜூனில் நடிகர் கியானு ரீவ்ஸ் மேடையேறி, 2020 ஏப்ரல் 16 என்று தேதியைச் சொன்னபோது உலகமே ஆர்ப்பரித்தது. ஏப்ரல் செப்டம்பராயிற்று, செப்டம்பர் நவம்பராயிற்று, அக்டோபர் 27 அன்று மீண்டும் தள்ளி, டிசம்பர் 10 என்றார்கள். அந்த மூன்றாவது அறிவிப்பு வந்ததும், ஆட்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்குக் கொலை மிரட்டல்கள் போயின. அனுப்பியவர்கள் பகைவர்கள் அல்லர், இரசிகர்கள்!

வெளியீட்டுக்கு மூன்று நாள் முன்பு விமரிசனங்கள் வந்தன. விமரிசகர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஆடும் பிரதிதான் கொடுக்கப்பட்டது; பழைய கன்சோல்களில் ஆட்டம் எப்படி ஓடுகிறது என்று யாருக்கும் காட்டவில்லை. பலர் வானளாவப் புகழ்ந்தார்கள். பத்துக்கு ஏழு மதிப்பெண் கொடுத்த ஒரு பெண் விமரிசகரை, ஆட்டத்தைத் தொட்டுக்கூடப் பாராத கூட்டம் வசைபாடித் துரத்தியது. வலிப்பு நோய் உள்ள மற்றொரு பெண் எழுத்தாளர், இதில் வரும் மின்னும் ஒளி வலிப்பைத் தூண்டக்கூடும், எச்சரிக்கையாக இருங்கள் என்று எழுதினார். அவருக்குக் கிடைத்த நன்றி என்ன தெரியுமா? வலிப்பைத் தூண்டும் வீடியோக்களையே சிலர் அவருக்கு அனுப்பினார்கள். அந்த ஒளியை நிறுவனமே பின்னர் மாற்றியமைத்தது.

டிசம்பர் 10 வந்தது. முன்பதிவு மட்டும் 80 இலட்சம் பிரதிகள். 2013இல் சந்தைக்கு வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளை வைத்திருந்தவர்கள் ஆட்டத்தைத் திறந்து பார்த்துத் திகைத்தார்கள். காட்சி மங்கியது, ஓட்டம் தடுமாறியது, நடுவில் அணைந்தது. எட்டு நாள்கூட ஆகவில்லை, டிசம்பர் 17 அன்று சோனி நிறுவனம் தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரத் தொடங்கியது. மீண்டும் அந்தக் கடைக்கு ஆட்டம் வந்தது 2021 ஜூன் 21 அன்றுதான்.

இதில் நாம் காண வேண்டிய உண்மை ஒன்று. குறை சொன்னவர்களை விரட்டியதால் நிறுவனத்துக்கு என்ன நட்டம்? ஒன்றுமில்லை. ஏமாந்தவன் பழைய கன்சோலை வைத்துக்கொண்டு காத்திருந்த எளிய இரசிகன். அவனுக்குக் காவலாக நின்று கூவியிருக்க வேண்டிய நாய்களை அவனுடைய கூட்டமே கல்லெறிந்து ஓட்டியது. பிறகு வீடு களவு போனது.

“ஆசை காட்டியது நிறுவனம், குற்றம் இரசிகனுடையதா?” என்று கேட்கலாம். முதற் குற்றம் நிறுவனத்தினுடையதே, ஐயமில்லை. 2021 ஜனவரியில் அதன் நிறுவனர்களுள் ஒருவரே மன்னிப்புக் கேட்டார். ஆனால் விளம்பரம் செய்வது வணிகனின் தொழில். அந்த விளம்பரத்தைச் சம்பளமில்லாமல் சுமந்து, ஐயம் எழுப்புவோரைத் துரோகி என்பது எவர் தொழில்?

“ஆட்டம் பிற்பாடு நன்றாகிவிட்டதே! நம்பியவர்கள் தோற்றார்களா?” என்றும் கேட்கலாம். நன்றாகிவிட்டது உண்மை. 2023 செப்டம்பரில் வந்த 2.0 திருத்தமும், அதனுடன் வந்த ‘ஃபேண்டம் லிபர்ட்டி’ என்ற கூடுதல் பகுதியும் பாராட்டுக்கு உரியவை. ஆனால் அந்த நிலையை அடைய ஏறத்தாழ மூன்றாண்டு ஆயிற்று. திருத்த வைத்தது துதி பாடியவர்களா, பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களா? நீங்களே சிந்தியுங்கள்.

வேறொரு வழியும் உண்டு. பெல்ஜியம் நாட்டு லேரியன் நிறுவனம் ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆட்டத்தின் முதற் பகுதியை மட்டும் 2020 அக்டோபரில் விற்பனைக்கு விட்டது. இது முழுமையன்று, பிழைகள் உண்டு என்று சொல்லியே விற்றது. வாங்கியவர்கள் ஆடினார்கள், குறை சொன்னார்கள், ஏறத்தாழ மூன்றாண்டு திருத்தங்கள் நடந்தன. 2023 ஆகஸ்ட் 3 அன்று முழு ஆட்டம் வந்தபோது உலகம் மெச்சியது. அங்கே குறை சொன்ன இரசிகன் துரோகியல்லன். ஆட்டத்தை உருவாக்க உதவியவன்.

இனி நாம் செய்யத் தக்கது என்ன? முதலாவது, முன்பதிவுக்கு அவசரம் வேண்டா. பண்டிகை இரயில் டிக்கெட் போலத் தீர்ந்துபோகும் பொருளன்று இது. இணையக் கடையில் பிரதிக்குப் பஞ்சமே இல்லை. பெரிய ஆட்டம் ஒன்று இன்று மூவாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. உதவித்தொகையை எண்ணிச் செலவிடும் நமக்கு அது சிறு தொகையன்று. வெளிவந்து இரண்டு வாரம் பொறுத்தால் உண்மை தெரிந்துவிடும். ஸ்டீம் கடையில் வாங்கினால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டாவது, டிரைலரை டிரைலராகப் பாருங்கள். நம்மிடமுள்ள கருவியில் ஆட்டம் ஓடுவதைக் கண்ட பிறகே தீர்ப்பு எழுதுங்கள். மூன்றாவது, குறை சொல்பவரைப் பேச விடுங்கள். ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, வாதாடுங்கள். ஆனால் வசையும் மிரட்டலும் எந்த ஆட்டத்தின் பெயராலும் நியாயமாகா.

ஊரில் கட்-அவுட்டுக்குக் குடம் குடமாய்ப் பால் ஊற்றுபவனைக் கண்டு, பல்கலைக்கழகம் வந்த நாம் நகைக்கிறோம். அவன் ஊற்றுவது பாலைத்தான். வெளிவராத ஓர் ஆட்டத்துக்காக முகமறியாத பெண்ணுக்கு நஞ்சை அனுப்பும் படித்தவனை என்னவென்று சொல்வது?

தோழர்களே, ஆவலோடு காத்திருங்கள். கனவு காணுங்கள். நள்ளிரவு தாண்டியும் பேசுங்கள். ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருங்கள். நல்ல ஆட்டம் வந்தால் கண் திறந்திருப்பவனுக்கும் அதே இன்பம்தான் கிடைக்கும். கெட்டது வந்தால் அவன் பணமாவது மிஞ்சும்.