அரிதாரமும் இசைதான்

2023 அக்டோபர் 19 அன்று யோகோஹாமா மேடையில் பாடிக்கொண்டிருந்த அட்சுஷி சகுராய்க்கு உடல்நிலை மோசமானது. அன்றிரவே மூளைத்தண்டு ரத்தக்கசிவில் இறந்தார். வயது 57. பக்-டிக் குழுவின் குரல் அவர். அக்குழு சார்ந்த, ஒப்பனையும் உடையும் இசையோடு கலந்த ஜப்பானிய ராக் பாணியான விஷுவல் கே என்றதும் வானம் பார்த்த தலைமுடியையும் கண்மையையும் மட்டும் பேசி முடித்துக்கொள்கிறோம். அந்த இசைக்கு நாம் இழைக்கும் அநீதி இது.

இதே பாணியின் டிரம்ஸ் கலைஞர் யோஷிகியைப் பாருங்கள். பத்து வயதில் தந்தையைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவர். சிறுவயது நண்பர் தோஷியுடன் 1982இல் எக்ஸ் குழுவைத் தொடங்கினார். பெரிய இசை நிறுவனங்களின் வாசலில் காத்து நிற்காமல் 1986இல் எக்ஸ்டஸி ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாகவே ஒன்றை நிறுவினார்; லூனா சீ போன்ற குழுக்கள் வளர்ந்ததும் அங்கேதான். கழுத்தெலும்பு தேய்ந்து அறுவை சிகிச்சை வரை போகுமளவுக்கு டிரம்ஸை அறைந்த அதே மனிதர், லேஸ் உடையில் பியானோ முன் அமர்ந்து வாசித்தார். இரண்டும் ஒரே வலியிலிருந்து வந்தவை. 1993இல் வெளியான அவருடைய ‘ஆர்ட் ஆஃப் லைஃப்’ 29 நிமிடம் ஓடும் ஒற்றைப் பாட்டு. ஆர்க்கெஸ்ட்ரா, அதிவேக மெட்டல், நடுவே ஒழுங்காகத் தொடங்கி மெல்ல மெல்லச் சிதறிப்போகும் நெடிய பியானோ. ஒப்பனை செய்த பையன்களின் விளையாட்டு என்று இதை எப்படி ஒதுக்க முடியும்?

மாலிஸ் மிசெர் குழுவின் மனா, பெண்ணுடையில் கிதார் வாசித்தார். பொதுவெளியில் வாயே திறக்க மாட்டார். பேட்டியில்கூடப் பக்கத்தில் இருப்பவரின் காதில்தான் சொல்வார். ஆண் என்றால் இப்படித்தான் நிற்க வேண்டும், இப்படித்தான் பேச வேண்டும் என்ற கட்டளைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பை ராக் மேடையில் நாம் கண்டதில்லை.

எக்ஸ் குழுவின் கிதார் கலைஞர் ஹிடே 1998 மே 2 அன்று 33 வயதில் இறந்தபோது, தோக்கியோவின் ட்சுகிஜி ஹொங்கன்-ஜி கோயிலில் ஏறத்தாழ 50,000 பேர் திரண்டார்கள். முடியின் நிறத்துக்காக யாரும் அப்படி அழுவதில்லை.

சகுராய் இல்லாமலும் பக்-டிக் ஓயவில்லை. 2023 டிசம்பர் 29இல் தோக்கியோவின் புடோகான் அரங்கில், அவருடைய பதிவுசெய்த குரலுடன் மற்ற நால்வரும் வாசித்தார்கள். அடுத்த ஆண்டு புதிய ஆல்பமும் வந்தது. ஒருநாள் ‘ஆர்ட் ஆஃப் லைஃப்’ பாட்டை இடையில் நிறுத்தாமல் முழுவதும் கேளுங்கள். படங்களைப் பிறகு பார்க்கலாம்.