அம்மா எங்கே?

"பொம்பளப் பிள்ளைக்கு அரக்கன் கதை எதற்கு, ராத்திரி பயப்படுவாள்" என்கிறார்கள். ஒரு வாய்ச் சோற்றுக்குப் பூச்சாண்டியைக் கூப்பிடும் வீடுகளுக்கு ஏன் இந்தத் திடீர்க் கரிசனம்? பூச்சாண்டி அவளை அடக்க வருகிறவன். படப்புத்தக அரக்கனையோ குழந்தை அடக்கலாம். உறுத்துவது அதுதான்.

மாரிஸ் செண்டாக் 1963இல் எழுதி வரைந்த 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' நூலில், சேட்டை செய்யும் மேக்ஸை அம்மா சாப்பாடில்லாமல் படுக்க அனுப்புகிறாள். அவன் கடல் கடந்துபோய், கண் சிமிட்டாமல் முறைத்தே அரக்கர்களை அடக்கி ராஜாவாகிறான். திரும்பினால் சூடு ஆறாத சாப்பாடு. அம்மா ஒரு படத்தில்கூட இல்லை. சாப்பாடு வைத்தது யாரென்று சொல்லவும் தேவைப்படவில்லை. மகனின் கோபத்துக்குக் கடலும் கிரீடமும். அவள் கோபத்துக்கு அடுப்படி.

நூலை ஒதுக்கச் சொல்லவில்லை. மகளை மடியில் வைத்து வாசியுங்கள். "அம்மா எங்கே?" என்று கேளுங்கள். கோபம் வந்தால் அம்மா எந்தத் தீவுக்குப் போவாள் என்று அவளையே வரையச் சொல்லுங்கள்.

காரைக்கால் அம்மையார் தன்னைப் பேயென்றே பாட்டில் சொல்லிக்கொண்டவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நம் பெண்பிள்ளைகளுக்கோ பேய்க்குப் பயப்பட மட்டுமே கற்றுத்தருகிறோம். பேயாட ஒரு பக்கமாவது கொடுப்போம்.